உங்கள் நாய்க்கு சுகரா? டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்!

தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகிறது. வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் செய்யாத நாய், ராத்திரியில் கூடத்தை நனைத்து வைக்கிறது. சாப்பாடு குறையவில்லை, உடம்பு மட்டும் இளைக்கிறது. 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாக இருக்கலாம்.

இது தாத்தாவுக்கு இருக்கும் சுகர் மாதிரி அல்ல. பெரும்பாலான நாய்களுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகிறது. மாத்திரை எடுபடாது. பொதுவாக 12 மணி நேர இடைவெளியில் தினமும் இரண்டு ஊசி, ஆயுள் முழுக்க. தாத்தாவின் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பதும், பாகற்காய்ச் சாறு புகட்டுவதும் நாளைக் கடத்தும் வேலை. அதற்குள் வாந்தி எடுத்து, சாப்பாட்டை ஒதுக்கிப் படுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, நல்ல டாக்டரை எப்படி அடையாளம் காண்பது? ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையோடு நிறுத்த மாட்டார். சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும் இருக்கிறதா என்று பார்ப்பார். கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால், கடைசியாக எப்போது 'ஹீட்'டுக்கு வந்தது என்று கேட்பார். அந்த ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாது. கண்ணையும் பார்ப்பார், சர்க்கரை வந்த நாய்களுக்குக் கண்புரை சீக்கிரம் விழும். மருந்து தொடங்கிய ஓரிரு வாரத்தில் மறுபடி வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க ரத்தச் சர்க்கரையை அளப்பார். டோஸ் சரியா என்று அதில்தான் தெரியும்.

முக்கியமாக, சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட மாட்டார். உங்களையே தன் முன்னால் ஊசி போட வைப்பார். காரணம் இருக்கிறது. மருந்துக்கடையில் இன்சுலின், ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அளவில் கிடைக்கிறது. 40-க்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், 10 யூனிட் என்று நினைத்துப் போடுவது 25 யூனிட்டாக இறங்கும்! சர்க்கரை தடாலடியாகக் குறைந்து நாய் தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும். ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். மருந்தை எப்போது மாற்றினாலும் சிரிஞ்சையும் சரிபாருங்கள்.

'சுகர் ஃப்ரீ' இனிப்பு, சூயிங்கம் பக்கமே விடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாய்களுக்கு விஷம்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள், வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம். 'மாட்டாஸ்பத்திரிதானே' என்று நினைக்க வேண்டாம். வேப்பேரி கல்லூரி 1903-ல் தொடங்கியது. சொல்லப்போனால், 1921-ல் டொரன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்ததே நாய்களை வைத்துத்தான்.

எந்த டாக்டராக இருந்தாலும், முதல் நாளே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். காலையில் நாய் சாப்பிடவில்லை என்றால் ஊசி போடலாமா? ராத்திரி 11 மணிக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? இரண்டாவது கேள்விக்கு ஒரு போன் நம்பர் கிடைத்தால், அதைச் சிரிஞ்சுப் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.