நாலாயிரம் வருஷத்து மாட்டுக்குப் பல் பார்க்கிறவர்கள்

செஞ்சியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு நீங்கள் போனதுண்டா? இல்லையென்றால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வாங்க வருகிறவர் ஆட்டின் நிறத்தில் மயங்குவதில்லை. விற்கிறவர் சொல்லும் வயசையும் நம்புவதில்லை. நேரே கீழ் உதட்டைக் கட்டை விரலால் மடக்கிப் பல்லைப் பார்க்கிறார். பால் பல் விழாமல் இருந்தால் குட்டி. இரண்டு பல் போட்டிருந்தால் வயசு ஒன்றைத் தாண்டியது. எட்டுப் பல்லும் முளைத்து முடிந்திருந்தால் நாலு வயசுக்குக் குறையாது. மனிதன் பொய் சொல்லலாம், பல் சொல்லாது!

இதே காரியத்தைச் சில விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்தான். சந்தையில் ஆடு உயிரோடு நின்று கத்துகிறது. இவர்கள் மேஜை மேல் இருப்பதோ இரண்டாயிரம், நாலாயிரம் வருஷங்களுக்கு முன் செத்துப்போன ஆட்டின் தாடை!

"செத்த ஆட்டுக்கு வயசு தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் முன்னோர்கள் காட்டிலே மிருகத்தைத் துரத்தி ஓடிய நாள் போய், அதை வீட்டு வாசலில் கட்டிப் பால் கறந்த நாள் எப்போது வந்தது என்ற பெரிய கேள்விக்கு, அந்தத் தாடை எலும்பில்தான் விடை இருக்கிறது.

சித்திரம் சொல்லாத ரகசியம்

விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவலூர்ப் பக்கம் போனால் கீழ்வாலை என்றொரு கிராமம். அங்கே பாறையில் செந்நிறத்தில் பழங்காலச் சித்திரங்கள் இருக்கின்றன. குதிரை போன்ற ஒரு விலங்கின் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் அதைக் கயிற்றால் பிடித்து இழுக்கிறான். செஞ்சிப் பக்கத்துச் செத்தவரையிலும் மான், மீன் என்று பாறைச் சித்திரங்கள் உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் குன்றிலே பாறையைக் கீறிப் பொறித்த உருவங்களைக் காணலாம்.

பார்க்கப் பார்க்க அதிசயம்தான். ஆனால் சித்திரத்தில் ஒரு குறை உண்டு. அதிலே ஒரு மாடு இருந்தால் அது காட்டு மாடா, வீட்டு மாடா? பாலுக்கு வளர்த்ததா, ஏருக்கு வளர்த்ததா? வரைந்தவன் அதையெல்லாம் எழுதி வைக்கவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுக் குப்பையில் எறிந்த எலும்புதான் அதைச் சொல்ல வேண்டும்.

குப்பை சொல்லும் குடும்பக் கணக்கு

எலும்பை எப்படிப் படிக்கிறார்கள்?

முதலாவது, இது எந்த மிருகம் என்று பார்க்க வேண்டும். முழு எலும்பு கிடைப்பது அபூர்வம். விரல் நீளத் துண்டுதான் கிடைக்கும். இன்றைய மிருகங்களின் எலும்புகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, துண்டை ஒவ்வொன்றோடும் ஒப்பிடுகிறார்கள். மாட்டையும் எருமையையும் பிரிப்பது சிரமம். செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பது அதைவிடச் சிரமம். கொம்பின் உள்ளெலும்பும் கால் எலும்பும் ஓரளவு கைகொடுக்கும். நம் நாட்டுத் திமில் மாட்டுக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. அதன் முதுகெலும்பிலே சில முட்களின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும்.

அடுத்தது வயசு. பல் இருந்தால் சந்தைக்காரர் கணக்குத்தான். பல் இல்லாவிட்டாலும் வழி உண்டு. கன்றின் கால் எலும்பில் நுனி தனியாகவும் தண்டு தனியாகவும் இருக்கும், நடுவே குருத்தெலும்பு. வளர வளர இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எந்த மூட்டு எந்த வயசில் ஒட்டும் என்பது கால்நடை வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இந்த வயசுகளைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. பாலுக்காக மாடு வளர்க்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பசுவை விடவே மாட்டார்கள். கிழமாகும் வரை வைத்திருப்பார்கள். காளைக் கன்றுகள் அதிகமாகிவிட்டால் இளசிலேயே கழித்துவிடுவார்கள். ஆகவே அந்த வீட்டுக் குப்பையில் இளங்காளைகளும் கிழட்டுப் பசுக்களும் எலும்பாய்க் கிடக்கும். இறைச்சிக்காக வளர்த்தவனோ மிருகம் நன்றாகக் கொழுத்ததும் வெட்டிவிடுவான். அங்கே எல்லா எலும்பும் ஏறக்குறைய ஒரே வயசு. ஏருக்கும் வண்டிக்கும் பூட்டியிருந்தால், வருஷக்கணக்கில் பாரம் இழுத்த மாட்டின் கால் மூட்டுகளில் எலும்பு தடித்து முண்டு முண்டாக வளர்ந்திருக்கும். கால்நடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கே குப்பைக் குழியில் இருக்கிறது, பாருங்கள்!

ஆட்டுக்குட்டிகளோடு அடக்கம்

இந்தக் கணக்கை வைத்துத்தான் பலூசிஸ்தானத்து மெஹர்கர் என்ற இடத்தின் கதை வெளியே வந்தது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஜாரிஜ் 1974-ல் அங்கே தோண்டத் தொடங்கினார். எலும்புகளை ஆராய்ந்தவர் அமெரிக்கரான ரிச்சர்ட் மெடோ. சுமார் 9,000 வருஷங்களுக்கு முற்பட்ட அடி அடுக்குகளில் மான் போன்ற காட்டு மிருகங்களின் எலும்பு மிகுதி. மேலே வர வர அது குறைந்து, ஆடு மாடுகளின் எலும்பு பெருகுகிறது. அதோடு, தலைமுறைக்குத் தலைமுறை மாட்டின் உருவமும் சிறுத்துக்கொண்டே வருகிறது. காட்டு மாடு வீட்டு மாடாகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே சில மனிதர்களைப் புதைத்தபோது காலடியில் ஆட்டுக்குட்டிகளையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். அந்த மனிதர்களுக்கு ஆடு வெறும் இறைச்சியாக இருந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

சாம்பல் மேட்டுக்குள்ளே ஒரு பட்டி

தெற்கே வருவோம். பல்லாரிச் சீமையிலும் தெலங்கானத்திலும் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. எரிமலை கக்கிய சாம்பலா, யாகம் செய்த சாம்பலா என்று வெகுகாலம் தர்க்கம் நடந்தது. பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், இதற்கும் மாட்டுச் சாணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போதே சொன்னார். 1957-ல் ஆல்சின் என்ற ஆங்கிலேயர் உட்னூர் மேட்டைத் தோண்டியபோது, வேலி நட்ட குழிகளும் மாட்டுக் குளம்பு பதிந்த தடங்களும் வெளிப்பட்டன! 4,000 வருஷங்களுக்கு முன் மாடுகளை அடைத்து வைத்த பட்டி அது. சேர்ந்த சாணத்தை அவ்வப்போது கொளுத்தியதால் எழுந்ததே மேடு. கர்நாடகத்துப் புதிஹாலில் டாக்டர் பத்தய்யா தோண்டியபோது, மிருகங்களை வெட்டிப் பங்கிட்ட களமே எலும்புக் குவியலோடு கிடைத்தது.

எலும்பு சில சமயம் சண்டையும் மூட்டிவிடும். துங்கபத்திரைக் கரையில் ஹல்லூர் என்ற ஊரில் 1960-களில் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புகளில் குதிரை எலும்பும் இருக்கிறது என்று சொன்னவர் கே. ஆர். ஆலூர் என்ற கால்நடை வைத்தியர். "அவ்வளவு முன்னால் குதிரை தெற்கே வந்திருக்க முடியாது" என்று சரித்திரக்காரர்கள் பலர் மறுத்தார்கள். ஆலூர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சரித்திரத்தை அனுசரித்து எலும்பைப் படிப்பதா, எலும்பை அனுசரித்துச் சரித்திரத்தை எழுதுவதா என்ற வழக்கு அது.

கீழடியில் எழுபது துண்டுகள்

நம் தமிழ்நாட்டில் கீழடியின் புகழ் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் பானை எழுத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே அறிக்கையில் எலும்புகளுக்கும் ஓர் இடம் உண்டு. 70 எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். திமில் மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு, நீலமான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் என்று ஒரு பட்டியல் வந்தது. அவற்றில் 53 சதவீதம் மாடு, எருமை, ஆடு ஆகிய வளர்ப்புப் பிராணிகள். மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில் கத்தி பட்ட தழும்பு இருந்தது. செங்கல் கட்டிடம் கட்டி, பானையில் பேர் எழுதி வைத்த ஜனங்கள் பட்டியையும் விடவில்லை, வேட்டையையும் விடவில்லை!

ஓய்மா நாட்டு விருந்து

இப்போது திண்டிவனத்துக்குத் திரும்புவோம். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அந்த நாட்டு வேலூரில் எயினர் வீட்டுக்குப் போனால் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் என்ற காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியும் கிடைக்கும் என்கிறது பாட்டு. காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலோ, நெய் விற்கப் போன ஆய்ச்சி பொன் வேண்டாம் என்கிறாள். பதிலுக்கு எருமையும் பசுவும் கிடாரிக் கன்றும் வாங்கிக்கொள்கிறாள். கெட்டிக்காரி! பொன் குட்டி போடுமா?

ஒரே வட்டாரத்தில் ஒரு வீட்டில் காட்டுப் பசு, இன்னொரு வீட்டில் பாற்பசு. பாட்டு சொல்வதை மண்ணும் சொல்கிறதா என்று பார்க்க முடியும். ஆய்ச்சி வீட்டுக் குழியில் கிழட்டுப் பசுவின் தேய்ந்த பல் கிடக்க வேண்டும். எயினர் வீட்டுக் குழியில் பருத்த காட்டு மாட்டின் எலும்பு கிடக்க வேண்டும்.

அவசரம் எதற்கு?

ஆனால் சாட்சி வெகுநாள் காத்திருக்காது. புளிப்புத் தன்மையுள்ள செம்மண்ணும் நம் வெயிலும் சேர்ந்தால் எலும்பைக் கரைத்துவிடும். எலும்புக்குள் இருக்கும் மரபணுவும் குளிர்நாட்டில் நிலைப்பது போல இங்கே நிலைப்பதில்லை. பானை ஓடு பிழைத்துவிடுகிறது. அதன் பக்கத்தில் கிடந்த எலும்பு பொடியாகிவிடுகிறது. மண் விட்டு வைத்ததை மனிதன் விட்டு வைப்பதில்லை. கல்லுக்காகக் குன்றை உடைக்கிறோம். சாலைக்கும் செங்கல் சூளைக்கும் மேட்டைக் கரைக்கிறோம். மணி கிடைத்தால் யாராவது எடுத்து வைப்பார்கள். எலும்பு கிடைத்தால்? "சீ, நாய் கொண்டு வந்து போட்டது!" என்று மண்ணோடு லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

ஆகையால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ கறுப்புச் சிவப்புப் பானை ஓடும், அதோடு கலந்து எலும்பும் பல்லும் தென்பட்டால், அவசரப்பட்டு வாரி எறியாதீர்கள், கழுவவும் கழுவாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லி அனுப்புங்கள். எந்த ஆழத்தில், எந்த ஓட்டோடு கிடந்தது என்பதில்தான் அதன் பாதி மதிப்பு இருக்கிறது. இடம் மாறிய எலும்பு, விலாசம் கிழிந்த கடிதம் மாதிரி. யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று அப்புறம் ஒருவராலும் சொல்ல முடியாது.