2 மில்லில் இருந்து அழைப்பா? அட்வான்ஸ் வாங்கும் முன் யோசிங்க!

திண்டுக்கல், வேடசந்தூர் பகுதிகளில் நூற்பாலைகள் ஏராளம். 'எங்க மில்லுக்கு வாங்க, கூலி கூடத் தர்றோம்' என ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆள் தேடுகிறார்கள். ஒரே நேரத்தில் 2 மில்களில் அழைப்பு வந்தால், ஒன்றைச் சொல்லி இன்னொன்றில் கூட்டிக் கேட்பதில் தப்பில்லை.

ஆனால் கூலியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. சாப்பாடு, வேன், விடுதிக்குப் பிடித்தது போக கைக்கு எவ்வளவு வரும்? இ.எஸ்.ஐ.க்கு தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். இதைக் கட்டாத மில்லில் கூலி கூடத் தெரியும். ஆஸ்பத்திரி செலவு நம்ம தலையில்தான்.

ஓவர்டைமுக்கு இரட்டிப்பு கூலி உண்டு. 2025 நவம்பர் 21-ல் அமலான புதிய தொழிலாளர் சட்டப்படி பணி நியமனக் கடிதமும் தரவேண்டும்.

பேசி முடிக்கும் முன்பே அட்வான்ஸ் வாங்கிவிட்டால் பேரம் பேச வாய் இருக்காது. அதற்காக, 'பணத்தை அடைக்காமல் வெளியே போகாதே' என்று கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்பு சட்டப்படி குற்றம்.