செயற்கை நுண்ணறிவும் கண் மருத்துவமும்

நீரிழிவு நோய் விழித்திரையை ஓசையின்றிச் சிதைக்கும். பார்வை மங்கிய பின்னரே பலர் மருத்துவரை நாடுவர். விழித்திரைப் படத்தைக்கொண்டு அந்நோயை முன்னரே அறியும் செயற்கை நுண்ணறிவைக் கூகுள் நிறுவனம் உருவாக்கி, 2016இல் ஆய்வை வெளியிட்டது. அதற்குப் பயிற்சியளித்த 1,28,175 படங்களுள் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அடங்கும். 2019இல் மதுரையில் அது நடைமுறைக்கு வந்தது. 2024இல் மதுரை ஆரோலேப், பெங்களூர் ஃபோரஸ் ஹெல்த் ஆகியவற்றோடு கூகுள் உடன்பாடு கண்டது.

கணிப்பொறித் திறன் ஓரிடத்தில். படங்களும் மருத்துவப் பட்டறிவும் வேறிடத்தில். ஆகவே கூட்டு இன்றியமையாததாகும். ஆயினும் அப்படங்களை ஈந்தோர் நோயாளிகளே. அவர்தம் இசைவும் மறைகாப்பும் ஒப்பந்தத்தில் முதலிடம் பெறல் வேண்டும். தென்காசியில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் குற்றாலத்துச் சிறுவணிகர்க்கும் எட்டும் கட்டணத்தில் அப்பயன் திரும்பி வருமாயின், அதுவே நேரிய வணிகம் எனலாம்.