அஜைல் முறையும் அதை மேற்கொள்வோர் செய்யும் பிழைகளும்

பெரியதொரு வேலையை முதலிலேயே முழுமையாகத் திட்டமிட்டு, பல ஆண்டுகள் உழைத்து முடித்து, இறுதியில் பயன்படுத்துவோரிடம் ஒப்படைப்பது பழைய வழக்கம். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சில வாரங்களில் முடித்து, பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர்கள் கூறும் குறைகளுக்கேற்ப மேலே செல்வது 'அஜைல்' முறையாகும். ஆண்டு இறுதிப் பரீட்சைவரை காத்திராமல், பாடந்தோறும் வினவி, விளங்காததை மீண்டும் விளக்கும் ஆசிரியருக்கு இதன் உட்பொருள் புதியதன்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னுமிடத்தில் மென்பொருள் நிபுணர் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கையே இம்முறைக்கு இப்பெயரைத் தந்தது. மென்பொருள் துறையில் தோன்றிய இம்முறை இன்று வேறு பல துறைகளிலும், அரசாங்கப் பணிகளிலும் கையாளப்படுகிறது. ஆயினும் இதை மேற்கொண்ட குழுக்கள் அனைத்தும் வெற்றி பெற்றதாகக் கூறவியலாது.

பிரிட்டனில் நேர்ந்தது

ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக இணைக்கும் 'யுனிவர்சல் கிரெடிட்' திட்டத்தை 2010இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. அதற்கு வேண்டிய கணினி அமைப்பை அஜைல் முறையில் உருவாக்கத் தொழில், ஓய்வூதிய இலாகா முற்பட்டது. 2013 அக்டோபரில் நாடெங்கும் புதிய விண்ணப்பங்களை ஏற்பது என்பது நோக்கம். ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில் சோதனை தொடங்கியபோது, மிக எளிய விண்ணப்பங்களை மட்டுமே ஏற்க முடிந்தது. அதற்குள் 42 கோடியே 50 லட்சம் பவுன் செலவாகியிருந்தது. 3 கோடியே 40 லட்சம் பவுன் மதிப்புள்ள கணினிச் சாதனங்களும் மென்பொருளும் பயனற்றவையெனக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2013 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் காரணங்கள் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல வேறு இடங்களிலும் காணப்படுபவையே.

முக்கியமான பிழைகள்

முதலாவது, அளவு பற்றியது. சிறு குழுக்களுக்கு ஏற்ற இம்முறை, அங்கு ஆயிரம் பேருக்கு மேற்பட்ட பெருங்கூட்டத்தில் கையாளப்பட்டது. அவ்விலாகாவுக்கோ இம்முறையில் முன் அனுபவமில்லை.

இரண்டாவது, பதிவுகளைப் புறக்கணித்தல். ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளும், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு இசைவதும் மேலானவை என்று 2001ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆனால் ஆவணமும் திட்டமும் வேண்டாவென அது கூறவில்லை. அவற்றுக்கும் மதிப்புண்டென்றே கூறுகிறது. இதை மறந்து, எம்முடிவு எக்காரணத்தால் எடுக்கப்பட்டது என்பதை எழுதிவைக்காத குழு, ஆட்கள் மாறியதும் தடுமாறும்.

மூன்றாவது, சூழ்நிலையை மாற்றாமல் முறையை மட்டும் மாற்றுதல். வாரந்தோறும் திருத்தம் வேண்டும் வேலையில், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேலிடத்தின் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் பயனென்ன? பிரிட்டனிலும் பழைய ஒப்பந்தங்களும் அனுமதி விதிகளும் அப்படியே இருந்தன.

நான்காவது, சடங்கைப் பொருளாகக் கொள்ளுதல். 'ஸ்கிரம்' எனப்படும் அஜைல் வகையில் நாள்தோறும் 15 நிமிடக் கூட்டம் உண்டு. உறுப்பினர்கள் தம் வேலையைத் தாமே இசைவித்துக்கொள்வதே அதன் நோக்கம். அது மேலதிகாரியிடம் வரிசையாக விவரம் ஒப்புவிக்கும் கூட்டமாகிவிட்டால், பெயர் மட்டுமே எஞ்சும்.

ஐந்தாவது, யாவற்றினும் கொடியது. கெட்ட செய்தியை மறைத்தல். நல்ல செய்தியை மட்டும் மேலே அனுப்பும் வழக்கம் அத்திட்டத்தில் வேரூன்றியிருந்ததென்று தணிக்கை அறிக்கை சுட்டியது. குறைகளை விரைவில் காண்பதற்கென்றே ஏற்பட்ட முறையில் குறையைக் கூற அஞ்சினால், அம்முறையின் உயிரே போய்விடும்.

திருத்தமும் படிப்பினையும்

2013க்குப் பின், சிறு குழுவொன்று புதிய அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. 2014 நவம்பரில் இலண்டனின் சட்டன் பகுதியில் மட்டும் அது சோதிக்கப்பட்டு, படிப்படியாக விரிவடைந்து, 2018 டிசம்பரில் நாடு முழுவதையும் எட்டியது. எனினும் 2017இல் புதிதாக விண்ணப்பித்தோரில் சுமார் நாலில் ஒருவருக்கு உரிய நாளில் முழுத்தொகை கிடைக்கவில்லை. வாடகைக்கும் உணவுக்கும் அத்தொகையையே நம்பியிருந்தோருக்கு இது சிறிய தாமதமன்று. மென்பொருள் சீராக வளர்வது வேறு, மக்களுக்குப் பயன் சேர்வது வேறு என்பதை இது உணர்த்துகிறது.

எனவே, இம்முறையை மேற்கொள்ள விரும்பும் குழு சிறிய அளவில் தொடங்குதல் வேண்டும். முடிவுகளைச் சுருக்கமாகவேனும் எழுதிவைத்தல் வேண்டும். அன்றாடத் திருத்தங்களைச் செய்யும் அதிகாரத்தை முன்கூட்டியே பெறுதல் வேண்டும். மக்களை நேரில் சந்திக்கும் களப்பணியாளர்களே குறைகளை முதலில் காண்பவர்கள். அவர்கள் காண்பதைத் தயக்கமின்றிக் கூறவும், கூறியது அடுத்த சில வாரங்களுக்குள் திருத்தப்படவும் வழி இருக்குமாயின், எப்பெயரிட்டு அழைப்பினும் அக்குழுவின் முறை நன்முறையே ஆகும்.