தொட்டாற்சுருங்கியின் மின்சாரம்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறவர்களில் பலர் வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கும் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் படகை விட்டால் அடுத்த விளையாட்டு, பாதையோரத்துத் தொட்டாற்சுருங்கி. ஓர் இலையைத் தொட்டதும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டே போகும். தொட்ட இடத்திலிருந்து இலைக்காம்பின் அடி வரை ஓடும் அந்தச் செய்தி மின்சாரம்தான். ஆனால் நம் வீட்டுக் கம்பியில் ஓடும் வகை அல்ல.

கம்பியில் நகர்வது எலக்ட்ரான். உயிருள்ள செல்லில் நகர்வது மின்னேற்றம் கொண்ட அணுக்கள், அதாவது அயனிகள். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அயனிகளால் அதைத் தாமாகக் கடக்க முடியாது; சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வழி. சில புரதங்கள் ஏ.டி.பி. என்ற எரிபொருளைச் செலவழித்து, நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளுகின்றன. அதனால் செல்லின் உட்புறம் எதிர்மின் ஆகிறது. அந்த எதிர்மின், வெளியே இருக்கும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துச் சேர்க்கிறது. வாசலூர்பட்டி ஏரிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் நீர் உயரம், மறுபக்கம் தாழ்வு. மதகு மூடியிருக்கும்வரை ஓட்டம் இல்லை, ஆனால் ஓடுவதற்கான வலு அங்கே காத்திருக்கிறது.

தாவரச் செல்லில் அந்த வலு 100 முதல் 200 மில்லிவோல்ட் வரை இருக்கும். கேட்பதற்குச் சொற்பம். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். 150 மில்லிவோல்ட்டை அந்தத் தடிமனால் வகுத்தால் சென்டிமீட்டருக்கு 3 லட்சம் வோல்ட் வருகிறது. காற்றைப் பிளந்து பொறி பறக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும்! ஒவ்வொரு இலையின் ஒவ்வொரு செல்லும் இவ்வளவு பெரிய மின்புலத்தைத் தாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு அடங்காத செய்தி.

விரல் பட்டதும் மதகுகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே வருகிறது, குளோரைடு வெளியேறுகிறது, மின்னழுத்தம் சரிகிறது. அந்தச் சரிவு பக்கத்துச் செல்லைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் செய்தி பரவுகிறது. காம்பின் அடியில் முண்டாகத் தெரியும் பகுதியை அது எட்டும்போது, அங்குள்ள செல்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைடும் வெளியேற, நீரும் பின்னாலேயே போகிறது. விறைப்பு இழந்த காம்பு தொங்குகிறது. மறுபடி நிமிர அயனிகளைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும். அதற்குக் கால் மணி நேரம்போல ஆகும், எரிபொருளும் செலவாகும். ஒரே செடியைத் திரும்பத் திரும்பச் சீண்டாதீர்கள் என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லலாம்.

நம் நரம்பிலும் அடிப்படை இதுவே. அங்கே ஹைட்ரஜனுக்குப் பதில் சோடியம். மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் புரதத்தை 1957இல் கண்டறிந்து சொன்ன டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூவுக்கு, நாற்பது ஆண்டு கழித்து 1997இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தாவர மின்சாரத்துக்காகப் போராடியவர் ஜகதீஷ் சந்திர போஸ். தொட்டாற்சுருங்கி மட்டுமல்ல, சாதாரணச் செடிகளும் தூண்டினால் மின்னால் பதில் சொல்கின்றன என்று 1901இல் லண்டன் ராயல் சொசைட்டியில் செய்து காட்டினார். பூச்சி பிடிக்கும் செடியில் மின்துடிப்பை 1873லேயே அளந்திருந்த பர்டன்-சாண்டர்சனே அதை ஏற்க மறுத்தார். போஸ் தளரவில்லை. 1914இல் தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் கப்பலேற்றி லண்டனுக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

தொழுகண்ணி என்றதும் கொல்லிமலைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சித்தர் மூலிகைப் பேச்சில் அழுகண்ணியோடு சேர்த்தே சொல்லப்படும் செடி அது. யாரும் தொடாமலே அதன் பக்கச் சிற்றிலைகள் சில நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்று ஏறி இறங்கும். அந்த இலையடிச் செல்களில் நுண்ணிய மின்முனையைச் செருகி அளந்திருக்கிறார்கள்: செல் வீங்கியிருக்கும்போது ஏறத்தாழ மைனஸ் 136 மில்லிவோல்ட், சுருங்கும்போது மைனஸ் 36. அயனிகள் மாறி மாறி உள்ளே வெளியே போவதுதான் அந்த ஆட்டம். வசியத்துக்கு ஆகும் என்று காய்ந்த தொழுகண்ணி வேரை விற்பவர்களுக்காகச் செடியைப் பிடுங்குவது பெரும் இழப்பு. காய்ந்த செல்லில் எரிபொருள் இல்லை, அயனி வேறுபாடு இல்லை, ஆட்டமும் இல்லை.

உயிரோடு தொட்டியில் வளர்த்தால் மலைப்பள்ளி மாணவர்களுக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் போதும். காலைக் குளிரில் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம், உச்சி வெயிலில் எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் குறித்து வரைபடம் போட்டால், வெப்பம் ஏற ஏற ஆட்டம் வேகம் பிடிப்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.