கணினி கடையும் பல்லுறை

‘பல் போனாற் சொல்லும் போம்’ என்பர் நம் முன்னோர். ஆதலின், சொத்தை விழுந்த பல்லைப் பிடுங்கிவிடாது இயன்றவரை உறையிட்டுக் காத்தலே அறிவுடைமை.

பழைய முறையிற் பல்வைத்தியர் பசையால் அச்செடுப்பார். அதிற் சாந்து வார்த்து உறை சமைக்கப் பல நாட் செல்லும். நோயாளி மீண்டும் வரவேண்டும். அக்கரைப்பற்று வயற்றொழிலாளிக்கு அஃது இன்னுமொரு நாட்கூலி இழப்பாகும்.

பசையின்றி ஒளியால் அச்செடுக்கும் முறையை 1973 இற் பிரான்சு நாட்டுப் பிரான்சுவா துயூரே ஆராய்ந்தார். 1985 இற் சூரிச்சுப் பல்கலைக்கழகத்து வேர்னர் மேர்மன், பொறி கடைந்த பீங்கானை ஒரே அமர்விற் பற்குழியிற் பொருத்தினார். இன்று கோல் போன்ற கருவி வாயினுட் படமெடுக்கின்றது. கணினியில் உரு அமைகின்றது. வைரம் பதித்த ஊசிகள் கட்டியைக் கடைகின்றன. சிர்க்கோனியா என்னும் வன்பொருளைச் சுமார் காற்பங்கு பெரிதாகக் கடைந்து, ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடுவர். குயவர் கலம்போல அது சுருங்கி அளவுக்கு வரும்.

எனினும் நாம் ஒன்றை மறத்தலாகாது. ஒளி கண்டதையே கணினி அறியும். குருதியோ ஈறோ விளிம்பை மறைப்பின் உறை சரியாகப் பொருந்தாது. அவ்விடுக்கிற் சொத்தை மீண்டும் புகும். பல்லைச் செவ்வனே செதுக்கி விளிம்பைத் துலக்கிக் காட்டுவது வைத்தியர் கையே. பல்வைத்தியம் பயில விழையும் நம் மாணவர், பொறியை அறிவதோடு கையையும் பழக்குவாராக.