மூலமும் கடைமடையும்

கும்பகோணத்தில் ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு சாதியைப் பற்றிப் போனது. 'என்ன பேசி என்ன, எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்கு' என்றார் நண்பர். பிறப்பு என்ற பழைய சொல்லாடல் இப்போது மரபணுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. 'எழுதியிருக்கு' என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

முளைகட்டிய விதைநெல்லின் வேர்நுனியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒவ்வொரு செல்லும் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கிறது. நகலெடுப்பு எங்கே தொடங்குகிறது? 1963இல் ழாக்கோப், பிரென்னர், குஸின் மூவரும் ஒரு விடை சொன்னார்கள்: டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் இடம், அதை அடையாளம் கண்டு தொடக்கிவைக்கும் ஒரு புரதம். ஈ.கோலை பாக்டீரியாவுக்கு இது சரி. அதற்கு ஒரே மூலம். ஈஸ்ட்டில் சில நூறு மூலங்கள், அங்கும் அடையாள எழுத்துவரிசை உண்டு. நெல்லுக்கு 12 குரோமோசோம்கள், சுமார் 39 கோடி எழுத்துஜோடிகள். 2005இல் முழு வரிசையும் வெளியானது. 11ஆவது குரோமோசோமில் ஒரு பகுதியை வாசித்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள். ஆனால் தாவரங்களிலும் விலங்குகளிலும் 'இங்கே தொடங்கு' என்ற பொது வாக்கியம் அகப்படவில்லை.

பிறகு எது தீர்மானிக்கிறது? டி.என்.ஏ. வெறும் இழையாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் புரதங்களின்மேல் சுற்றிக் கிடக்கிறது. இந்தக் கட்டுமானம்தான் குரோமாட்டின். சில இடம் தளர்ந்திருக்கும், சில இடம் இறுகியிருக்கும். மரபணு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் இடங்கள் தளர்ந்தவை. மூலங்களும் பெரும்பாலும் அங்கேதான் அமைகின்றன, முதலில் நகலாவதும் அவைதான். இறுகிய பகுதிகள் கடைசியில். கடுகுக் குடும்பத்து அராபிடோப்சிஸ் செடியில் 2011இல் மாட்ரிட் குழுவொன்று சுமார் 1,500 மூலங்களைக் குறித்தது. பெரும்பாலானவை மரபணுக்களுக்குள்ளேயே இருந்தன.

இதை எளிய சமன்பாடாக்கிவிடக் கூடாது. படியெடுப்பும் நகலெடுப்பும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகிறவை. ஈஸ்ட்டில் ஒரு மூலத்தின் ஊடாகப் படியெடுப்பை வலுவாக ஓட்டினால் அந்த மூலம் செயலிழக்கிறது. எதிரெதிரே மோதிக்கொண்டால் டி.என்.ஏ. சேதமாகிறது. ஆக, படியெடுப்பு மூலத்துக்கு இடமும் தருகிறது, இடைஞ்சலும் செய்கிறது. அதனால்தானோ என்னவோ, செல் தேவைக்கு அதிகமான இடங்களில் ஆயத்தம் செய்து வைக்கிறது. சிலதான் திறக்கும், மற்றவை ஆபத்துக்கு உதவ.

தஞ்சாவூர்க்காரருக்கு இது புதிதல்ல. வாய்க்கால் வரைபடத்தை மட்டும் பார்த்து எந்த வயலில் தண்ணி எப்ப ஏறும்னு சொல்ல முடியாது. தூர் எடுத்திருக்கா, மதகு யார் கையில என்று பார்க்கணும். ஒப்புமை இதோடு நிற்கிறது. செல்லின் ஒரு சுற்றில் கடைமடையும் கட்டாயம் நகலாகும். தலைமடை இரண்டு தடவை நகலாகாது. ஆயத்தம் செய்யும் கட்டமும் திறக்கும் கட்டமும் தனித்தனி என்பதே காரணம். டெல்டாவிலோ தலைமடைக்குக் குறுவையும் தாளடியும். கடைமடைக்கு ஒரு சம்பா, அதுவும் காத்திருந்து. இதற்கு ஜீன் பொறுப்பல்ல.

இயற்கையிலிருந்து நியாயம் பிறக்கும் என்று நான் சொல்லவில்லை. எழுத்தே இல்லை என்றும் சொல்லவில்லை. நெல் விதைத்தால் நெல்தான். ஆனால் தன்னை நகலெடுக்கத் தொடங்கும் இடத்தைக்கூட ஒரு வாக்கியமாக எழுதிவைக்காத பிரதி இது. இதில் சாதி எழுதியிருக்கு என்று வாசிக்கிறவர் டி.என்.ஏ.வை வாசிக்கவில்லை, மனுவை வாசிக்கிறார்.